சேராமல் கடைப்பிடித்தவர்கள்

அயல் மதத்தின் வாசலில் போய் நிற்பது சென்னைக்காரருக்குப் புதிதன்று. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா திருவிழாக் கூட்டத்தில் பொட்டு வைத்த நெற்றிகள் ஏராளம். மவுண்ட் ரோடு தர்காவுக்குக் குழந்தையைத் தூக்கிவரும் இந்துத் தாய்மாரும் குறைவில்லை. நாகூர் தர்காவின் பெரிய மினாராவே தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக் கொடுத்ததுதான். ஆனால் இங்கெல்லாம் நாம் போவது வரம் கேட்க. நேர்த்திக்கடனைச் செலுத்தியதும் கணக்கு முடிந்துவிடும். மறுநாள் காலையில் எப்படி வாழ வேண்டும் என்று அந்த மதம் நம்மிடம் கேட்பதில்லை. ஒரு மதத்தின் ஒழுக்கத்தை ஏற்றுக்கொண்டு, அதன் உறுப்பினராகாமல் வாழ்வது வேறு ரகம். அதற்கும் தென்சென்னையில் ஒரு வரலாறு உண்டு. கோட்டூர்புரத்திலிருந்து அடையாற்றோடு கிழக்கே போனால், ஆறு கடலைச் சேர்வதற்குள் அந்த வரலாற்றின் இரண்டு இடங்கள் வந்துவிடும்: தென்கரையில் பிரம்மஞான சபை, வடகரைப் பக்கம் கிரீன்வேஸ் சாலையில் வசந்த விஹார். மூன்றாவது இடம் சற்று வடக்கே, ராயப்பேட்டையில்.

கர்னல் ஆல்காட் அமெரிக்கர், பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. பிளாவட்ஸ்கி அம்மையாரோடு சேர்ந்து 1875-ல் நியூயார்க்கில் சபையைத் தொடங்கி, 1882 டிசம்பரில் அடையாறு ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 1880 மே 25 அன்று, இலங்கையின் காலி நகரில் இருவரும் பௌத்தத்தின் ஐந்து ஒழுக்க விதிகளான பஞ்சசீலம் ஏற்றிருந்தார்கள். ஆக ஆல்காட் ஊரறிந்த பௌத்தர். ஆனால் அவருடைய சபையில் சேர யாரும் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. வைதிகப் பிராமணர், பார்சி, கிறிஸ்தவர் எல்லோரும் அவரவர் இடத்தில் இருந்துகொண்டே பௌத்தமும் வேதாந்தமும் படிக்கலாம்; உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த மயிலாப்பூர் எஸ். சுப்பிரமணிய ஐயர் சபையின் துணைத் தலைவராகவே இருந்தார். படித்த பெரிய மனிதர்களின் மாலைநேரப் பொழுதுபோக்கு என்று இதை ஏளனம் செய்ய நிறைய இடமுண்டு. அந்த ஏளனத்துக்கு ஓரளவு பதிலாக நிற்பது, ஊரூர்ப் பக்கம் 1894-ல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக ஆல்காட் தொடங்கிய இலவசப் பள்ளி. தீண்டாமையால் ஊர்ப் பள்ளிக்குள் நுழைய முடியாத பிள்ளைகள் அவர்கள். அங்கே சேர பௌத்தனாகவும் வேண்டாம், பிரம்மஞானியாகவும் வேண்டாம். கருணை என்று பௌத்தம் போதித்ததைப் பௌத்தத்தின் பெயர்ப்பலகை மாட்டாமல் செய்து பார்த்த இடம் அது.

மதத்தில் சேராமல் ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பதை வெள்ளைக்காரர் இறக்கிய சரக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. பஞ்சசீலம் விலக்கச் சொல்லும் ஐந்தையும் குறள் கொல்லாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை, வாய்மை, கள்ளுண்ணாமை என்று ஐந்து அதிகாரங்களில் பேசுகிறது. வள்ளுவர் சமணரா, சைவரா, பௌத்தரா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை; கிறிஸ்தவப் பாதிரியாரான ஜி.யு. போப் 1886-ல் குறளை ஆங்கிலத்தில் தந்ததும் அந்த வழக்கு தீரும் என்று காத்திருந்து அல்ல.

சேராமை என்ற கொள்கையை அதன் எல்லைக்கே கொண்டுபோனவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அடையாறு கடற்கரையில் 1909-ல் சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் கண்ணில் பட்ட இந்தச் சிறுவனை உலக குரு ஆக்குவதற்கென்றே 1911-ல் ஒரு நட்சத்திர சங்கம் அமைத்தார்கள். 1929 ஆகஸ்ட் 3 அன்று ஹாலந்தின் ஓமன் முகாமில், சபைத் தலைவர் அன்னி பெசன்ட் முன்னிலையிலேயே, அவர் அதைக் கலைத்தார். சங்கத்துக்கென்று வந்த கோட்டையையும் நிலத்தையும் கொடுத்தவருக்கே திருப்பினார். பெசன்ட் மறைந்த 1933-க்குப் பிறகு 1980 வரை, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த சபை வளாகத்துக்குள் அவர் கால் வைக்கவில்லை. சென்னையில் வசந்த விஹாரின் மரத்தடியில்தான் பேசினார். ஆனால் சங்கத்தைத் துறந்தவர் பழக்கத்தைத் துறக்கவில்லை. புலால், மது, புகை எதுவும் கடைசிவரை இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, எந்த அமைப்பும் உண்மைக்குக் கொண்டுபோகாது என்றவர் ரிஷிவேலி தொடங்கிப் பல பள்ளிகளுக்கு வித்திட்டார் என்பது. இதைச் சிலர் முரண்பாடு என்கிறார்கள். எனக்கு அது அனுபவ அறிவாகவே தெரிகிறது. தனி மனிதர் ஒருவர் எதிலும் சேராமல் ஒழுக்கமாக வாழ்ந்துவிடலாம். அந்த ஒழுக்கம் அடுத்த தலைமுறைக்குப் போக ஏதோ ஓர் இடம் வேண்டும். ஆல்காட்டும் கிருஷ்ணமூர்த்தியும் வேறு வேறு வழியாக வந்து சேர்ந்த இடம் பள்ளிக்கூடம். நம்பிக்கையைக் கேட்காமல் நடத்தையை மட்டும் கேட்கக்கூடிய இடம் அதுதான்.

மதத்தில் சேராதவர் தனக்கு வசதியானதை மட்டும் பொறுக்கிக்கொள்வார் என்பது பழைய ஆட்சேபம். பொறுக்குகிறார்கள்தான். சேர்ந்தவர்களும் பொறுக்குகிறார்களே! புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் தவறாத வீட்டில் வேலைக்காரம்மாவுக்குத் தனி டம்ளர் இருப்பதில்லையா? எனவே உறுப்பினர் பட்டியலைப் பார்ப்பதை விட, அந்த ஒழுக்கத்துக்காக ஆள் எதை இழந்தார் என்று பார்ப்பதே நேர்மை. கையில் வந்த கோட்டையைத் திருப்பிக் கொடுத்தவரை வசதிக்காரர் என்று சொல்ல முடியாது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ராயப்பேட்டையிலிருந்து வருகிறது. சேராமல் இருக்க யாரால் முடியும்? ஏற்கெனவே ஊரில் மதிப்பான இடம் உள்ளவரால் முடியும். பண்டிதர் அயோத்திதாசர் 1898-ல் ஆல்காட்டின் உதவியோடு இலங்கைக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஆல்காட் ஏற்ற அதே ஐந்து சீலங்கள்தான். ஆனால் ஆல்காட் அவற்றை ஏற்காவிட்டாலும் கர்னல்தான். அயோத்திதாசரின் ஒடுக்கப்பட்ட மக்களுக்குக் கோயிலும் மூடியிருந்தது, தெருவும் மூடியிருந்தது. பிள்ளைக்குப் பெயர் வைப்பது யார், தாலி எடுத்துக் கொடுப்பது யார், சாவு வீட்டில் முன்னே நிற்பது யார் என்ற கேள்விகளுக்கு நல்ல குணம் மட்டும் விடை சொல்லாது. சங்கம் அந்தச் சடங்குகளை நடத்தியது. 1907-ல் தொடங்கிய அவருடைய வார இதழ் ‘தமிழன்’, தீபாவளி போன்ற பண்டிகைகளையே பௌத்தப் பண்டிகைகளாக விளக்கி எழுதியது. கோலார் தங்கவயலில் வேலைக்குப் போனவர்களிடையே சங்கக் கிளை வளர்ந்தது. இழந்த ஒரு மதத்துக்குத் திரும்பிச் சேர்வதாகவே அவர் இதைக் கண்டார். அவர்களுக்குச் சேர்வதே மானம்.

இந்த ஆட்சேபத்தை நான் முழுதாகவே ஏற்கிறேன். சேராமையை உயர்ந்த நிலை என்றும் சேர்வதைப் பலவீனம் என்றும் பேசுவது, இடம் உள்ளவர் இடம் இல்லாதவரைப் பார்த்துப் பேசும் பேச்சு. ஆனால் இதனால் சேராமல் கடைப்பிடிப்பது பொய்யாகிவிடாது. அதே சென்னை பௌத்தர் வட்டத்தில் இருந்த பேராசிரியர் பி. லட்சுமி நரசு 1907-ல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த சாரம் என்ற நூல், பகுத்தறிவால் நிற்கும் ஒழுக்கமாகவே பௌத்தத்தைக் காட்டியது. அவரோடு அந்த வட்டத்தில் இருந்த சிங்காரவேலர் பின்னாளில் மதத்தையே விட்டுப் பொதுவுடைமைக்குப் போய், 1923-ல் சென்னையில் மே தினம் கொண்டாடினார். ஏழைகள் மேல் இருந்த அக்கறையை மட்டும் விடவில்லை. நரசுவின் நூலுக்கு 1948-ல் முன்னுரை எழுதி மறுபதிப்பாக வெளியிட்ட அம்பேத்கர், 1956-ல் லட்சக்கணக்கானோருடன் பௌத்தத்தில் சேர்ந்தார். ஒரே வட்டத்தின் சிந்தனை ஒருவருக்குச் சேராமலே இருக்கப் போதுமானதாகவும், இன்னொருவருக்குச் சேர்வதற்கான வழியாகவும் இருந்திருக்கிறது.

ஆல்காட்டின் பள்ளி பெசன்ட் நகரில் மேல்நிலைப் பள்ளியாக இன்றும் நடக்கிறது. அயோத்திதாசருக்குக் கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 டிசம்பரில் மணிமண்டபம் திறந்தார்கள். கோட்டூர்புரத்திலிருந்து நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.