நொதித்தலிலிருந்து அனுசேபத்துக்கு: ஒரு விவாதத்தின் வரலாறு

உயிர்க்கலங்களில் இடையறாது நிகழும் இரசாயன மாற்றங்களின் முழுத்தொகுதியை நாம் அனுசேபம் என வழங்குகிறோம். உணவைச் சிதைத்துச் சக்தியைப் பெறும் அவசேபமும், அச்சக்தியைக் கொண்டு கலத்துக்கு வேண்டிய பொருள்களை ஆக்கும் உட்சேபமும் அதன் இரு கூறுகளாகும். பாடநூல்களில் இது அம்புக்குறிகளால் இணைக்கப்பட்ட பெயர்ப்பட்டியலாகவே தோற்றமளிக்கிறது. ஆயின் அப்பட்டியலுக்குப் பின்னே, உயிர் என்பது பொருளின் இயக்கமா அன்றிப் பொருளுக்கு அப்பாற்பட்டதோர் ஆற்றலா என்ற நீண்ட விவாதம் உள்ளது. நொதித்தல் பற்றிய ஆய்வுகளின் வழியே அவ்விவாதத்தை இங்கு நோக்குவோம்.

மதுவம் ஓர் உயிரி என்பதை 1837ஆம் ஆண்டளவில் பிரான்சிலே கஞ்ஞார் லத்தூரும், ஜேர்மனியிலே சுவான், கூற்சிங் ஆகியோரும் தனித்தனியே எடுத்துக்காட்டினர். கலங்களில் நிகழும் இரசாயன மாற்றங்களைக் குறிக்க அனுசேபம் என்னும் கருத்தைச் சுவான் 1839இல் கையாண்டார். அதே ஆண்டில் லீபிக்கும் வோலரும் பெயர் குறிப்பிடாது ஒரு கேலிக் கட்டுரையை வெளியிட்டனர். வெல்லத்தை விழுங்கி அற்ககோலைக் கழிக்கும் நுண்விலங்காக மதுவம் அதிற் சித்திரிக்கப்பட்டது. கேலியின் பின்னே ஒரு நியாயமும் இருந்தது. 1828இல் வோலர் யூரியாவை ஆய்வுகூடத்தில் ஆக்கிக்காட்டியிருந்தார். இரசாயனவியலிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த உயிர்விசை மீண்டும் பின்கதவால் நுழைகிறது என அவர்கள் ஐயுற்றனர் எனலாம். அழுகும் பொருளின் அதிர்வு வெல்லத்துக்குக் கடத்தப்படுவதே நொதித்தல் என்பது லீபிக்கின் கொள்கை.

பாச்சரின் ஆய்வு தொழிற்சாலையின் தேவையோடு தொடர்புற்றது. 1856இல் லீல் நகரில் பீட் கிழங்கிலிருந்து அற்ககோல் வடிக்கும் உற்பத்தியாளர் ஒருவர் அவரது உதவியை நாடினார். 1857 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், நொதித்தல் கலத்தின் உயிர்வாழ்வோடு பிணைந்தது எனப் பாச்சர் நிறுவினார். எனினும் மதுவத்திலிருந்து நொதிக்கும் பொருளைப் பிரித்தெடுக்க அவர் செய்த முயற்சி கைகூடவில்லை.

அது கைகூடியது எதிர்பாராத வகையிலாகும். மருத்துவப் பயன்பாட்டுக்காக மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்த சாற்றை, பழுதுறாது காக்கும் பொருட்டுச் சீனிக்கரைசலில் இட்டபோது குமிழிகள் எழுந்தன. உயிருள்ள கலம் எதுவுமின்றியே நொதித்தல் நிகழ்ந்ததை எட்வாட் புக்னர் உணர்ந்து 1897இல் வெளியிட்டார். 1907இல் நொபெல் பரிசு பெற்றார். உயிர்விசைக் கொள்கை இத்துடன் அடித்தளம் இழந்தது.

இதன்பின் வினா மாறியது. நொதிக்கச் செய்வது எது என்பது போய், எத்தனை படிகளில் நொதிக்கிறது என்பது எழுந்தது. 1906இல் ஹாடனும் யங்கும் மதுவச் சாற்றை மென்சவ்வினூடு இரு பகுதிகளாகப் பிரித்தனர். தனித்தனியே செயலற்றிருந்த அவை, சேர்ந்தபோது மீண்டும் செயற்பட்டன. பொசுபேற்றின் பங்கையும் அவர்கள் கண்டனர். 1929இல் தசையிலிருந்து அடினோசின் முப்பொசுபேற்று அறியப்பட்டது. வெல்லத்தின் சக்தி ஒரே எரிதலில் வெளிப்படாது, நொதியங்களால் நடத்தப்படும் சிறு படிகளில் விடுபட்டு, அதில் ஒரு பகுதி இச்சேர்வையிற் சேமிக்கப்படுகிறது.

இவ்வறிவை உருவாக்கியோர் அடைந்த கதியையும் நாம் மறத்தலாகாது. யூதர் என்பதனால் 1933இல் பிரைபேர்க்கிலிருந்து நீக்கப்பட்ட ஹான்ஸ் கிறெப்ஸ் இங்கிலாந்திற் புகலடைந்தார். புறாவின் நெஞ்சுத்தசையை ஆராய்ந்து 1937இல் சித்திரிக்கமில வட்டத்தை முன்வைத்தார். அக்குறிப்பை நேச்சர் சஞ்சிகை உடனே ஏற்கவில்லை. அது வேறொரு சஞ்சிகையில் வெளிவந்தது. வெல்லச் சிதைவின் படிகளைத் துலக்கிய மையர்ஹோவ் 1938இல் ஜேர்மனியை விட்டு வெளியேறினார். அப்பணியிற் பங்குகொண்ட போலந்து அறிஞர் பர்னாஸ் 1949இல் மொஸ்கோவிற் சிறைக்காவலில் மாண்டார். அறிவியலை வரலாற்றின் தேவைகள் வளர்க்கின்றன. அதே வரலாறு அறிவியலாளரை அழிக்கவும் செய்கிறது.

புக்னரின் வெற்றியோடு விவாதம் முடிந்ததெனக் கொள்வது பொருந்தாது. நொதித்தலால் ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து இரண்டு அடினோசின் முப்பொசுபேற்று மூலக்கூறுகளே தேறுகின்றன. ஒட்சிசனோடு கூடிய சுவாசத்தால் ஏறத்தாழ முப்பது கிடைக்கின்றன. இவ்வேறுபாட்டின் விளக்கம் பிழிந்த சாற்றில் அகப்படவில்லை. 1961இல் பீற்றர் மிச்செல் அதை இழைமணியின் உள்மென்சவ்விற் கண்டார். சுவாசத்தின் சக்தி புரோத்தன்களை மென்சவ்வுக்கு அப்பால் தள்ளுகிறது. அவை திரும்பிப் பாயும்போது அடினோசின் முப்பொசுபேற்று ஆக்கப்படுகிறது. மென்சவ்வு புரோத்தன்களை ஒழுகவிடுமாயின் ஒட்சிசன் செலவாகும், ஆயின் ஆக்கம் நிகழாது. முதலிற் பலரால் ஏற்கப்படாத இக்கொள்கைக்கு 1978இல் நொபெல் பரிசு கிடைத்தது.

ஆகவே லீபிக், பாச்சர் இருவரும் உண்மையின் ஒவ்வொரு பாதியைக் கண்டவராவர். உயிர்ச்செயல் இரசாயனச் செயலே என்பதில் லீபிக் சரியானவர். கலத்தின் முழுமையைப் புறக்கணித்து அதனை விளக்கவியலாது என்பதிற் பாச்சர் சரியானவர். கலத்தின் ஒழுங்கமைப்பு பொருளுக்கு மேலான விசையன்று; அது பொருளின் ஒரு நிலை, அந்நிலைக்கே உரிய விளைவுகளைத் தருவது. உயிரை மறைபொருளாக்குவோருக்கும் அதனைப் பகுதிகளின் வெறுங் கூட்டாகக் குறுக்குவோருக்கும் அனுசேபத்தின் வரலாறு கூறும் விடை இதுவே.