கிரிவலத்தில் முட்டி வலியா? பிபி, சுகர் மாத்திரை சாப்பிடுறவங்க இதைக் கவனிங்க!

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. மலைக்குப் பின்னால் இருக்கும் அடி அண்ணாமலைக்கு வருவதற்குள் பலருக்கு முட்டி வலி வந்துவிடும். மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடப்பார்கள். ஆனால் தினமும் பிபி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதுவே சிக்கலாகலாம்.

என்ன சிக்கல்?

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கும். இதனால் பிபி ஏறலாம். எனலாப்ரில் அல்லது லோசார்டானோடு நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால் கிட்னி பாதிக்கப்படலாம். வியர்த்துக் கொட்டி, தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை என்றால் ஆபத்து அதிகம்.

கவனிக்க வேண்டிய வேறு சில:

* சுகர் மாத்திரை + சிறுகுறிஞ்சான் பொடி: சர்க்கரை அளவு ரொம்பவே இறங்கலாம்.
* தைராய்டு மாத்திரை + கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை: தைராய்டு மாத்திரை உடலில் சேராது. 4 மணி நேர இடைவெளி தேவை.
* வார்ஃபரின் + ஆஸ்பிரின்: ரத்தக்கசிவு அபாயம்.

நர்ஸ் என்ன செய்வார்?

'வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரையையும் எடுத்துட்டு வாங்க' என்பார். அட்டையில் பிராண்ட் பெயரை அல்ல, மருந்தின் பெயரைப் பார்ப்பார். அரசு மருத்துவமனையில் ஒன்று, தனியார் கிளினிக்கில் ஒன்று என ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிடுபவர்கள் இப்படித்தான் சிக்குவார்கள். பிறகு பிபி, சுகர் பார்த்து, தலைசுற்றல், கால் வீக்கம் இருக்கிறதா எனக் கேட்டு டாக்டரிடம் சொல்வார். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் டாக்டர் முடிவு.

வீட்டுக்கே மாத்திரை வந்தால்?

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அந்த மாத்திரைகளின் விவரம் பதிவில் இருக்கும். நீங்களாக மெடிக்கலில் வாங்கியதும், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியும் அதில் இருக்காது. நீங்கள் சொன்னால்தான் நர்ஸுக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்?

சாப்பிடும் எல்லா மருந்தின் பெயரையும் எழுதி, போனில் போட்டோ எடுத்து வையுங்கள். வலி மாத்திரை வாங்கும்முன் அதைக் காட்டிக் கேளுங்கள். பயந்துபோய் பிபி, சுகர் மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.