கல்லும் படமும்: பெங்களூரில் போர் நினைவின் பதிவுகள்

பெங்களூர் என்ற பெயருக்குக் கிடைத்துள்ள பழைய சான்றுகளுள் ஒன்று, ஒரு போர்ச் செய்தி. நகரின் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில், ஏறத்தாழ கி.பி. 890-ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு உள்ளது. பெங்களூரில் நடந்த சண்டையில் கங்கர் காலத் தலைவன் நாகத்தரனைச் சார்ந்த ஒருவர் மாண்டதை அது பதிவு செய்கிறது. அதே ஊரின் இன்னொரு நடுகல் இப்போது கஸ்தூர்பா சாலை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தும்பேபாடிப் போரில் நாகத்தரனே விழுந்ததைச் சொல்லும் கல் அது. யானையும் குதிரையும் வில்லாளிகளும் விழுந்த உடல்களுமாக, இடைவெளியே விடாமல் செதுக்கியிருக்கிறார்கள். போரைக் காட்சியாக்கும் வழக்கம் கேமராவுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே இங்கே வேரூன்றிவிட்டது.

அடுத்த பெரிய பதிவு 1791-இல். மூன்றாம் மைசூர்ப் போரில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படை மார்ச் 7-இல் பேட்டையையும், 21-ஆம் தேதி இரவில் கோட்டையையும் பிடித்தது. அந்தப் படையுடன் வந்த ஓவியர் ராபர்ட் ஹோம், பேட்டை வாசலில் கர்னல் மூர்ஹவுஸ் உயிர்விடும் காட்சியைப் பெரிய ஓவியமாகத் தீட்டினார். கோட்டைச் சுவர் உடைப்பில் கடைசிவரை போரிட்டு மாண்ட, திப்பு சுல்தானின் கோட்டைத் தலைவர் (கில்லேதார்) பகதூர்கானுக்கு அப்படியொரு ஓவியத்தை அவர் தரவில்லை. மதராஸ் படையின் சாதாரணச் சிப்பாய்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எந்தச் சாவைப் படமாக்குவது என்பதை வென்றவரின் தூரிகையே முடிவு செய்தது.

ஹோம் 1794-இல் வெளியிட்ட மைசூர்க் காட்சித் தொகுப்பில், கோட்டைப் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகளின் இடுகாடும் ஒரு படமாக இடம்பெற்றது. அந்தக் கல்லறைகள் பின்னர் மறைந்தன. இறந்த அதிகாரிகளின் நினைவாக இன்றைய மாநகராட்சிக் கட்டடத்தின் அருகே ஒரு தூண் எழுந்தது. அந்த நினைவுத் தூணை (செனோடாப்) ஒட்டிய சாலைக்கு செனோடாப் சாலை என்று பெயர் வந்தது. காலனிச் சின்னம் என்று கன்னட அமைப்புகள் எதிர்த்ததை அடுத்து, 1964 அக்டோபரில் தூண் அகற்றப்பட்டது. சாலை நிருபதுங்கா சாலை ஆனது. தூணை அகற்றியதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே என்ன இருந்தது என்று அறிய இன்று பழைய புகைப்படங்களையும் அஞ்சலட்டைகளையும்தான் புரட்ட வேண்டும். கோட்டையும் அப்படித்தான்: டில்லி வாசலும் அதையொட்டிய சிறு பகுதியும் போக, மற்றவை ஊருக்குள் கரைந்துவிட்டன.

புகைப்படம் இங்கே ஆய்வுக் கருவியான கதை தனி. 1865-இல் மேஜர் டிக்சன், மைசூர் அரசுக்காகக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். அந்தப் படங்களை வைத்தே கல்வெட்டு ஆய்வாளர் பி.எல். ரைஸ் வேலையைத் தொடங்கி, 1879-இல் 'மைசூர் இன்ஸ்கிரிப்ஷன்ஸ்' நூலை வெளியிட்டார். பின்னர் வந்த 'எபிகிராஃபியா கர்நாடிகா' வரிசையில் பெங்களூர் மாவட்டத் தொகுதி 1905-இல் வந்தது. அதில் பதிவான கற்கள் பல பின்னாளில் சாலைக்கும் அடுக்குமாடிக்கும் அடியில் போயின. 2018-இல் ஹெப்பாளில் வெளிப்பட்ட கிட்டய்யா நடுகல், கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்தது, ஏறத்தாழ கி.பி. 750. இவ்வளவு பழைய கல் இத்தனை காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது.

தேய்ந்த கல்லில் ஈரத்தாள் ஒட்டித் தூரிகையால் தட்டி மைப்படி எடுப்பது பழைய முறை. மழுங்கிய எழுத்து அதில் பிடிபடாமல் போவதுண்டு. பெங்களூரின் வரலாற்று ஆய்வு அமைப்பான மிதிக் சொசைட்டி இப்போது கற்களை முப்பரிமாண ஸ்கேன் செய்கிறது. திரையில் வெளிச்சத்தின் கோணத்தைத் திருப்பத் திருப்ப, கண்ணுக்குத் தெரியாத கீறல் எழுத்தாக எழும்பி வருகிறது. டிக்சனின் கேமராவுக்கு வெயில் சாயும் நேரம்வரை காத்திருப்பதே வழி.

ஆக, பேகூர்க் கற்கள் உள்ளூர்த் தலைவனுக்கும் அவனைச் சார்ந்தவருக்கும் எழுந்தன. ஹோமின் ஓவியமும் செனோடாப் தூணும் அதிகாரிகளுக்காக எழுந்தன. இடையில் விடுபட்டவர் சிப்பாய். மதராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகம் பெங்களூரின் அல்சூரில்தான் இருக்கிறது. அதன் போர் நினைவுச் சின்னம் பிரிகேட் சாலையில் வாகன நெரிசலுக்கு நடுவே நிற்கிறது. அந்தப் படையில் தமிழர் ஏராளம். அவர்கள் சீருடையில் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படங்கள் அரசு ஆவணக்காப்பகத்தில் அல்ல, வீட்டுச் சுவர்களிலும் டிரங்குப் பெட்டிகளிலும்தான் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படியொரு படம் இருந்தால் இப்போதே இருபுறமும் ஸ்கேன் செய்து, பெயர், படைப்பிரிவு, ஆண்டு மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.