இளம்பிள்ளை வாதமும் இரண்டாம் போராட்டமும்

வரலாறு என்பது மன்னர்தம் போர்களை மட்டும் கூறுவதன்று. நோயுற்ற எளிய மக்கள் தம் வாழ்வை மீட்டெடுத்த கதையும் வரலாறேயாகும்.

இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை தாக்கப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்குச் சான்று வழங்கிற்று. ஆயினும், முன்னரே அந்நோயால் கால் சூம்பியோர் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுட் பலர் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்தவர்கள். அவர்களை எதிர்நோக்கி நிற்கும் இரண்டாம் போராட்டத்தை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

அமெரிக்க வரலாறு இங்கு நமக்குப் பாடமாகிறது. 1921இல் போலியோவால் கால்கள் செயலிழந்த ரூஸ்வெல்ட், பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானார். அவர் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் 1927இல் ஒரு சிகிச்சை நிலையத்தை நிறுவினார். அங்கே கறுப்பின மக்கள் ஏவலராகப் பணியாற்றலாம். நோயாளியாகச் சேர இயலாது. கறுப்பினத்தாரைப் போலியோ அதிகம் தாக்காது என்று மருத்துவர் சிலர் காரணமும் கற்பித்தனர். கிருமி நிறம் பார்க்கவில்லை, மனிதனே பார்த்தான்.

அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881இல் வளர்க்கத் தொடங்கிய டஸ்கிகி கல்வி நிலையம் அலபாமா மாநிலத்தில் உள்ளது. கறுப்பினத்தாரின் இடைவிடாக் குரலின் பயனாக, அவ்வளாகத்தில் 1941 ஜனவரியில் அவர்களுக்கெனப் போலியோ மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே கறுப்பின மருத்துவரும் செவிலியரும் பயிற்சி பெற்றனர். கல்விக்கெனத் தோன்றிய நிலையமே நோயுற்றோர்க்கும் புகலிடமாயிற்று என்பது கருதத்தக்கது.

1955இல் சால்க் கண்ட தடுப்பூசி பயனுக்கு வந்தபின், போலியோவை அந்நாடு மறக்கலாயிற்று. ஆனால் 1980களில், குணமடைந்து பல்லாண்டு உழைத்தவர்கள் மீண்டும் தளர்ந்தனர். சோர்வு, தசைவலி, புதிய பலவீனம், சிலர்க்கு மூச்சுத் திணறல். "வயதாகிறது" என்றும் "மனக்கவலை" என்றும் மருத்துவர் பலர் கூறி அனுப்பினர்.

உண்மையில் இது புதிதன்று. 1875இலேயே பிரான்சு நாட்டில் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதப்பட்டது. கைக்குழந்தைப் பருவத்தில் வாதமுற்ற அவ்விளைஞர், தோல் பதனிடும் கடும் உழைப்பாளி. அக்குறிப்பு நூற்றாண்டுக்கு மேல் மறக்கப்பட்டுக் கிடந்தது.

போலியோக் கிருமி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை முதுகுத்தண்டில் அழிக்கிறது. எஞ்சிய அணுக்கள் புதிய கிளைகள் விட்டு, துணையிழந்த தசை இழைகளையும் தாங்குகின்றன. அவ்வாறு பன்மடங்கு சுமந்த அணுக்களே பல்லாண்டுக்குப் பின் தளர்வதாக அறிஞர் கருதுகின்றனர். இது தொற்றுநோயன்று, சோம்பலுமன்று.

இவ்வுண்மையை உலகறியச் செய்தோர் நோயுற்றவர்களே. ஜினி லாரி என்னும் பெண்மணி 1958 முதல் ஓர் இதழை நடத்தினார். போலியோவால் பாதிக்கப்பட்டோர் அதன்வழித் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டனர். தனித்தனியே வருந்தியோர், தம் துன்பம் ஒன்றே எனக் கண்டனர். 1981இல் சிகாகோவில் மருத்துவரும் அவர்களும் ஒருங்கே கூடினர். அதன்பின் ஆராய்ச்சி பெருகிற்று.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. வேலையைப் பகுத்துச் செய்தல், இடையிடையே ஓய்வு, மருத்துவர் கூறும் அளவான பயிற்சி, பொருத்தமான காலிப்பர், ஊன்றுகோல் ஆகியவையே துணை. "முயன்றால் முடியும்" என்று வளர்க்கப்பட்டவர்க்குச் சக்கர நாற்காலியில் அமர்வது தோல்வியாகத் தோன்றும். அது தோல்வியன்று, எஞ்சிய வலிமையைக் காக்கும் அறிவுடைமை.

ஆனால் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர் எவ்வாறு ஓய்வு கொள்வார்? இங்கேதான் சமுதாயத்தின் கடமை தொடங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனமுடையோர்க்கு அரசுப் பணியில் 4 விழுக்காடும் உயர்கல்வியில் 5 விழுக்காடும் ஒதுக்குகிறது. ஏட்டிலுள்ள உரிமை தானாக வீடு தேடி வாராது. படித்த இளைஞர் ஒவ்வொரு தெருவிலும் இத்தகையோரைக் கண்டறிந்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு உடன் செல்லுதல் வேண்டும். விண்ணப்பம் எழுதித் தருதல் வேண்டும். அவர்களை ஒருவரோடொருவர் கூடச் செய்தல் வேண்டும்.

நாம் பெற்ற கல்வி, எழுதப் படிக்க இயலாத ஒருவரின் விண்ணப்பமாக மாறும்போதே முழுமை பெறுகிறது. அப்பணியை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே தொடங்குவோமாக.