பழைய கணக்கு

எங்கள் மாங்காட்டுத் தெருச் சங்கத்தின் பொக்கிஷதார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். காவற்காரர் சம்பளத்துக்காக வீட்டுக்கு வீடு வசூலாகும் சந்தாவை வெகுகாலமாக நீள நோட்டில் எழுதி வந்தவர். "காலம் மாறிவிட்டது, சார்!" என்று சொல்லி, அந்தக் கணக்கை இணையத்தில் இருக்கும் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு மாற்ற வைத்த புண்ணியவான் நான்தான்.

சென்ற சித்திரையில் சங்கம் கூடியபோது ஒரு விபரீதம் நடந்தது. ஒழுங்காகப் பணம் கட்டியவர்கள் பாக்கிதாரர்களாகவும், மாதக் கணக்கில் கட்டாதவர்கள் தர்மப் பிரபுக்களாகவும் திரையில் காட்சியளித்தார்கள். "கையிலே கொடுத்த பணம் எங்கே போச்சு, சார்?" என்று ஒருவர் கேட்டே விட்டார். வாத்தியார் பதில் பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் பேரனிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து என்னிடம் அனுப்பிவிட்டார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தாளைத் திறந்து, 'ஃபைல்' என்ற இடத்தைத் தொட்டு, அதற்குள் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்று இருப்பதைத் திறந்தேன். தாளின் பழைய வடிவங்கள் நாளும் நேரமும் போட்டு வரிசையாக நின்றன. அங்கே நான் கண்டதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் இந்த அட்டவணையின் பூர்வோத்தரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

1978-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் கரும்பலகையில் போட்ட கணக்கில் ஓர் எண் தப்பினால், அதைத் தொடர்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுதவேண்டி வந்தது. இந்தத் தொல்லையை யந்திரம் ஏற்றுக்கொண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிற்று. நண்பர் பாப் ஃபிராங்ஸ்டனோடு சேர்ந்து அவர் உண்டாக்கிய 'விசிகால்க்' 1979-இல் விற்பனைக்கு வந்தது. ஆக, அழித்து எழுதுவதைச் சுலபமாக்கவே பிறந்த பண்டம் இது! 2006-இல் கூகிள் நிறுவனம் இதை இணையத்தில் ஏற்றிப் பல பேர் ஒரே தாளில் எழுதலாம் என்று ஆக்கியது. பல கைகள் புழங்கும் கணக்கில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் குடி முழுகிப் போகும் அல்லவா? ஆகவே தாள் தன் பழைய உருவங்களை நினைவில் வைத்துக்கொள்கிறது. பழையதை மீட்டாலும், நடுவில் வந்த தப்பான வடிவம் மறைவதில்லை. அதுவும் வரிசையில் கிடக்கிறது.

இது கலிபோர்னியாவில் உதித்த ஞானம் என்று எண்ணுபவர்கள் ஒருமுறை காஞ்சிபுரம் தாண்டி உத்தரமேரூருக்குப் போய்வர வேண்டும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சபைத் தீர்மானங்கள் இரண்டு கல்லில் இருக்கின்றன. ஒன்று 919-ஆம் ஆண்டினது. மற்றொன்று 921-ஆம் ஆண்டினது. இரண்டும் குடவோலையால் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளே. முதலாவதில் வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டே வருஷத்தில் அது 35-க்கு மேல், 70-க்குள் என்று மாறிவிட்டது! முதல் ஏற்பாட்டில் என்ன இடைஞ்சலோ! பழையதைக் கொத்தி எறிந்துவிட்டுப் புதியதை மட்டும் நிறுத்தியிருக்கலாம். சபையார் அப்படிச் செய்யவில்லை. 1898-இல் கல்வெட்டுத் துறையார் படியெடுத்தபோது இரண்டும் கிடைத்தன. பிந்தியது மட்டும் கிடைத்திருந்தால் அவர்களுடைய முடிவு நமக்குத் தெரிந்திருக்கும். தடுமாறித் திருத்திக்கொண்டது தெரிந்திராது. எனக்கென்னவோ அந்தத் தடுமாற்றத்தின் மேல்தான் மரியாதை அதிகம்.

921-ஆம் ஆண்டுத் தீர்மானம் கணக்கெழுதுபவரையும் விட்டுவைக்கவில்லை. நேர்மையாகப் பொருள் ஈட்டுபவரே கணக்கெழுத வேண்டும்; எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் காட்டி, சுத்தமானவர் என்று பெயரெடுத்த பிறகே மறுபடி அந்த வேலைக்கு வரலாம். ஒருவர் எழுதிவந்த கணக்கை அவரேதான் ஒப்புவிக்க வேண்டும். அதை முடித்துவைக்க வேறொருவர் புகக் கூடாது.

இந்தக் கடைசி விதியை நினைத்தால் எனக்குச் சுருக்கென்கிறது. வெர்ஷன் ஹிஸ்டரியில், கூட்டத்துக்கு முதல் நாள் மாலை வரையில் கணக்கு கண்ணாடிபோல் இருந்தது. அன்றிரவு பதினொரு மணி வடிவத்தில்தான் கலைந்திருந்தது. அதன் கீழே கலைத்தவர் பெயர் இருந்தது. அது என் பெயர்! சபையில் பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று பெயர்களை அகர வரிசைப்படுத்தினேன். அது நன்றாக நினைவிருக்கிறது. பெயர்ப் பத்தியை மட்டும் பிடித்து வரிசைப்படுத்தினால், தொகைகள் கூடவே நகராமல் இருந்த இடத்திலேயே நிற்கும் என்பதுதான் தெரியாது.

பழைய வடிவத்தை மீட்டுவிட்டு, விடிந்ததும் சாவியோடு வாத்தியார் வீட்டுக்குப் போனேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பழையபடி ஆக்கிட்டியா, தம்பி?"

"ஆச்சு, சார்."

"நீ கலைச்சது?"

"அதுவும் அப்படியே இருக்கு, சார். என் பேரோட."

"அடுத்த கூட்டத்திலே ரெண்டையும் காட்டு" என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.