துள்ளிசைக் கலைஞரும் தோற்ற அடையாளமும்: மலையக நோக்கில் ஒரு வரலாற்றுக் குறிப்பு

பாடகர் ஒருவரைச் செவியால் மட்டும் அறிந்தது ஒரு காலம். செவியாலும் கண்ணாலும் ஒருங்கே அறிவது மற்றொரு காலம். இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஆம் ஆண்டிலும், ரூபவாகினி 1982 ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. அதற்கு முன்னர் அட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடைப்பட்ட கொட்டகலைத் தோட்டங்களில், மின்வசதி எட்டாத லயங்களுக்கும் பாட்டைக் கொண்டு வந்தது மின்கலத்தில் இயங்கிய வானொலிப் பெட்டியே. குரல் மலையேறியது; முகம் நகரிலேயே நின்றது. ஆயின் துள்ளிசை எனவும் பொப் இசை எனவும் வழங்கும் கலைவடிவத்தில் முகமும் உடையும் கோலமும் பாட்டின் பகுதிகளேயாம். அக்கோலம் எங்கிருந்து வருகின்றது, அதனை அணிபவருக்கு அது என் செய்கின்றது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத்தில் வெகுசனப் பாடகர் மரபு பொப் இசைக்கு முற்பட்டது. கோ. நடேசய்யர் 1931 இல் அட்டனை நிலைக்களனாகக் கொண்டு தொழிற்சங்கம் அமைத்தபோது, அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளில் தொழிலாளர் துயரை அமைத்த அவர்தம் பாடல்கள், ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பெயரில் 1940 இல் நூலுருப் பெற்றன. பெண்ணொருத்தி பொதுமேடையில் நின்று பாடுதல் அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் நின்ற நிலையே ஒரு செய்தியாயிற்று. கேட்போர் பாட்டை மட்டுமன்றிப் பாடுபவரையும் கண்டனர்.

அறுபதுகளின் பிற்பகுதியில் ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை தலையெடுத்தது. அதற்குரிய நிலம் முன்னரே பண்பட்டிருந்தது. போர்த்துக்கேயரும் காப்பிரிகளும் விட்டுச் சென்ற தாளங்களிலிருந்து வளர்ந்த பைலாவை, காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பஸ்தியான் நாற்பதுகளில் வெகுசன இசையாக்கினார். அறுபதுகளில் சிங்கள இளைஞர் குழுக்கள் கிற்றாரைக் கையிலேந்தின. தமிழில் நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ முதலிய பாடல்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியையும் நகைச்சுவையையும் அவ்விசைக்குள் கொணர்ந்தார். கருவி மேனாட்டினது, நா ஊரினது.

ஏ. ஈ. மனோகரனின் வழி சற்று வேறுபட்டது. நீண்ட முடி, தாடி, பகட்டான உடை, மேடையெங்கும் ஆடித் திரியும் இயல்பு ஆகியன அவரைக் கண்டவுடன் இனங்காணச் செய்தன. சிங்களமும் தமிழும் ஊடாடும் ‘சுராங்கனி’ அவரைக் கடல் கடந்தும் அறிமுகப்படுத்தியது. 1977 இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்னும் தமிழகத் திரைப்படத்திலும் அதன் மெட்டு இடம்பெற்றது. ‘சிலோன் மனோகர்’ என நாட்டின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. ஆயினும் தென்னிந்தியத் திரையுலகம் அத்தோற்றத்தைப் பெரிதும் எதிர்நாயகப் பாத்திரங்களுக்கே பயன்படுத்தியது. மேடையில் மகிழ்ச்சியின் குறியாயிருந்த தாடி திரையில் அச்சத்தின் குறியாயிற்று. கலைஞர் தேர்ந்துகொண்ட கோலத்தின் பொருளைப் பிறர் மாற்றிவிடுதல் கூடும் என்பதற்கு, 2018 இல் மறைந்த அவர்தம் வாழ்க்கை தக்க சான்றாகும்.

இவ்வுண்மை மாதங்கி அருட்பிரகாசத்தின் வாழ்விற் கூர்மை பெறுகின்றது. 1975 இல் இலண்டனிற் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, போர்ச் சூழலில் மீண்டும் இலண்டன் சேர்ந்த இவர், ‘எம்.ஐ.ஏ.’ என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றார். ஓவியமும் திரைக்கலையும் பயின்றவராதலின் தம் காட்சி அடையாளத்தைத் தாமே வரைந்துகொண்டார். 2005, 2007 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த இசைத் தொகுப்புகளுக்கு முறையே தந்தையின் இயக்கப் பெயரையும் தாயின் பெயரையும் சூட்டினார். புலியுருவங்கள் இடம்பெற்ற அவர்தம் காட்சிகள் வன்முறைக்கு ஆதரவெனச் சிலராற் கண்டிக்கப்பட்டன. அவரோ அதனை மறுத்தார். இரண்டாம் தொகுப்பின் ஒரு பகுதி சென்னையில் உருவானது; உறுமியின் முழக்கம் அதில் ஒலிக்கின்றது. ஊர்த்திருவிழாக்களிற் கேட்ட தோற்கருவி அதன்வழி உலக மேடையேறிற்று.

அவ்வொலி கொட்டகலையில் வாழ்வோருக்குப் புதிதன்று. தோட்டங்களில் விடியற்காலையில் தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக்களத்திற்கு அழைத்தது தப்பு. காமன் கூத்தை நடத்தியதும் தப்பு. இறந்தோரை வழியனுப்பியதும் அதுவே. ஒரு புறம் துரைத்தனத்தின் கட்டளையையும், மறுபுறம் சாதி இழிவையும் அக்கருவி சுமந்தது. அதனை அடித்தவருக்கு அது அடையாளமாயிருந்தது உண்மையே. ஆனால் அவர் விரும்பித் தேர்ந்த அடையாளமன்று, பிறராற் சுமத்தப்பட்டது. இன்று மலையக இளைஞர் அதே தப்பைத் தம் பண்பாட்டுச் சின்னமாக மேடையேற்றுகையில், சுமத்தப்பட்டது தேர்ந்துகொள்ளப்பட்டதாக மாறுகின்றது. இம்மாற்றம் சிறிதன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் இரு நாடுகளிடையே எண்ணிக்கைகளாகப் பங்கிடப்பட்டு, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோரும் குடியுரிமை பெற வழி பிறந்த மக்கட் கூட்டத்திற்கு, தன் முகத்தைத் தானே வரைந்துகொள்ளுதல் அலங்காரமன்று, உரிமையாகும்.

எனினும், தேர்ந்துகொண்ட கோலமும் விரைவிற் சந்தைச் சரக்காகலாம். வண்ண உடையும் தப்பும் எஞ்சி, அதனை முன்னர் அடித்தவர் பெயர் மறையுமாயின், பழைய அநீதி புதிய உடையில் தொடரும். மீனாட்சியம்மாளை நாம் இன்று அறிவதற்கு அவர்தம் பாடல்கள் அச்சேறியமையே காரணம். தலவாக்கலையின் முன்னாட் பாராளுமன்ற உறுப்பினரும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளை திரட்டியமையாலன்றோ மலைநாட்டு மக்கள் பாடல்கள் பல நமக்கு எட்டின! தோட்டந்தோறும் தப்படித்தோர், கூத்தாடினோர், இசைக்குழுக்களிற் பாடினோர் ஆகியோர்தம் பெயர்களையும் துண்டுப்பிரசுரங்களையும் ஒலிநாடாக்களையும் தேடித் தொகுத்தல் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் முதற்கடனாகும். கோலத்தின் வரலாற்றை எழுதுவோர் அதனை அணிந்தவர் பெயரையும் எழுதுதல் வேண்டும்.