தழலில் சுட்ட அடை

தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19:1-8



அப்பம் என்றதும் நமக்கு அடுப்பு நினைவுக்கு வருகிறது. ஆனால் திறந்த வெளியில் நெருப்பு மூட்டி அப்பம் சுடும் வழக்கம் மிகத் தொன்மையானது. யோர்தான் நாட்டின் வடகிழக்கில் உள்ள சுபைக்கா என்னுமிடத்தில், பழங்காலத் தீக்குழிகளிலிருந்து கருகிய அப்பத் துணுக்குகள் எடுக்கப்பட்டன. அவை சுமார் 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2018-இல் வெளியான ஆய்வு கணித்தது. உழவுத் தொழில் தோன்றுவதற்கு முன்னரே, மனிதர் காட்டுத் தானியங்களையும் கோரைக்கிழங்கையும் அரைத்து அப்பம் செய்திருக்கிறார்கள்.

நிலையாகக் குடியிருப்பவர்களுக்கே அடுப்பு உண்டு. வழிப்போக்கனுக்கு மணலும் தழலும்தான் அடுப்பு. பாலைவனத்து பெதூவின் மக்கள் அவ்வாறு அப்பம் சுடுவதை இந்நாளிலும் காணலாம். மாவு, தண்ணீர், உப்பு ஆகியவற்றைப் பிசைந்து வட்டமாகத் தட்டுவார்கள். விறகு எரிந்து தணலானதும் அதை ஒதுக்கி, சூடேறிய மணலின்மேல் மாவை இட்டு, சாம்பலாலும் தணலாலும் மூடுவார்கள். சற்று நேரத்தில் திருப்பிப் போட்டு மறுபுறமும் வேகவைப்பார்கள். பின்பு சாம்பலைத் தட்டி உதறி, பிட்டுப் பகிர்ந்து உண்பார்கள். திருப்பாவிட்டால் ஒருபுறம் கருகும், மறுபுறம் பச்சையாகவே இருக்கும். எப்பிராயீமின் நிலையைச் சொல்ல ஓசியா தீர்க்கதரிசி எடுத்துக்கொண்ட உவமையும் இதுவே.

இவ்வகை அடையைத்தான் எலியாவின் தலைமாட்டில் காண்கிறோம். யேசபேலுக்குத் தப்பி, பெயெர்செபாவிலிருந்து ஒருநாள் பயணதூரம் வனாந்தரத்தில் நடந்து, சூரைச்செடியின்கீழ் அமர்ந்து சாவை வேண்டிக்கொண்டார் அவர். சூரைச்செடியின் கரி கடும் வெப்பத்துடன் கனலக்கூடியது. 120-ஆம் சங்கீதமும் அதன் தழலைக் குறிப்பிடுகிறது.

அன்பானவர்களே, இங்கே சற்று நின்று கவனியுங்கள். சாக விரும்பிய அந்த மனிதரைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தட்டியெழுப்பி, உண்ணச் சொன்னான். எலியா புசித்து, மீண்டும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்தான். ஓரேபில் கர்த்தர் அவரோடு பேசியது நாற்பது நாளைக்குப் பின்புதான். அப்பம் முதலில் வந்தது. கேள்வி பின்னரே வந்தது.

நம் சபையிலும் "போதும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கக்கூடும். அவர்களிடம் நாம் எதை எடுத்துச் செல்கிறோம்? பல வேளைகளில் அறிவுரையையே எடுத்துச் செல்கிறோம். ஒரு வேளை உணவும், அருகில் அமர்ந்திருக்கும் ஒரு மணி நேரமும், மறுநாள் மீண்டும் ஒருமுறை கதவைத் தட்டுவதும் அவர்களை நாற்பது நாள் வழிக்குப் பலப்படுத்தக்கூடும்.

ஒருவேளை சோர்ந்திருப்பவர் நீங்களே என்றால், உண்ணவும் உறங்கவும் வெட்கப்படாதிருங்கள். திபேரியா கடற்கரையில் இரவெல்லாம் பாடுபட்டு ஒன்றும் பிடிக்காதிருந்த சீஷருக்கும் கரிநெருப்பும் மீனும் அப்பமும் ஆயத்தமாயிருந்தன. பேதுருவிடம் ஆண்டவர் கேள்வி கேட்டது, அவர்கள் உண்டு முடித்த பின்னரே.

ஜெபம்: ஆண்டவரே, சோர்ந்தோருக்கு முதலில் அப்பத்தையும், ஏற்ற வேளையில் வார்த்தையையும் கொண்டுசெல்லும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.